முழு எடை ரயில்

இன்னும் ஒரு தடவைதான் வர வேண்டும். காலையிலிருந்து மெதுவாக ஒரு தடவை வந்து போய்விட்டது, நடு வேகத்தில் ஒரு தடவை வந்து போய்விட்டது, இனிமேல் வரப்போவது முழு வேகம், மணிக்கு எண்பது, அதற்கு மேல் இந்தத் தடத்தில் எந்த ரயிலும் எந்தக் காலத்திலும் ஓடாது என்று எஞ்சினியர் கிங்ஸ்லி சார் சொல்லியிருக்கிறார், அதனால் இந்த ஒரு தடவைக்கு விட்டுக்கொள்ளாமல் இருந்தால் போதும். கண்ணாடியைத்தான் சொல்கிறேன். மாடி ரூம் சுவரில், ஜன்னலுக்குப் பக்கத்தில் மேலேயிருந்து கீழே இறங்குகிற விரிசலுக்குக் குறுக்கே, ரெண்டு விரல் அகலம் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து ரெண்டு முனையிலும் பசை அப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள் சர்வே ஆட்கள், பக்கத்திலேயே கறுப்பு மார்க்கரில் தேதி, வீட்டு நம்பர். சுவர் ஒரு தலைமுடி அளவுக்கு நகர்ந்தாலும் அது படக்கென்று விட்டுக்கொள்ளும். விட்டுக்கொண்டால் எங்கள் வீடு, என் மாமனார் லாரி ஓட்டி ஓட்டி செங்கல் செங்கலாகக் கட்டின வீடு, காலி பண்ண வேண்டிய பட்டியலில் ஏறிவிடும். எங்கள் தெருவில் ஏற்கெனவே ரெண்டு வீடு ஏறியாயிற்று, மஞ்சள் பெயின்டில் வட்டம் போட்டு உள்ளே நம்பர் எழுதி, ஆட்கள் போய், கதவு ஜன்னலையும் கழற்றிக்கொண்டு போய், இப்போது அங்கே பூனைதான் குடியிருக்கிறது. மிச்சம் ஏழு வீட்டில் கண்ணாடி ஒட்டியிருக்கிறது. ரெண்டு தடவை தாண்டியாயிற்று, ஏழிலும் ஒன்றும் உடையவில்லை. ரயில் டிப்போவிலிருந்து எஸ்தர் அக்கா போன் பண்ணினார்கள், "இன்னும் இருவது நிமிசம் ஆவுமாம்டி அமுலு, என்னமோ வண்டிக்கு அடியில குனிஞ்சு குனிஞ்சு பாக்குறாங்க, கெளம்புனா சொல்றேன்" என்று. இருபது நிமிஷம். இருபது நிமிஷத்தில் சோறு வடித்துவிடலாம், ரெண்டு பக்கெட் துணி அலசிவிடலாம், நான் என்னவோ இங்கே சும்மா நிற்கிறேன், ஒரு பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் தூளி, தூளிக்குள் என் பாப்பு தூங்குகிறாள், ஜன்னலுக்கு வெளியே நூற்றுப் பதினாறாம் நம்பர் தூண், அதன் தலையில் தண்டவாளம், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல இருக்கும், நீட்டியும் பார்த்திருக்கிறேன், எட்டாது, இன்னும் பதினெட்டு அடி வேண்டும்.

அது சோதனை ரயில், ஆள் கிடையாது. முன்னால் ஓட்டுகிறவர், மடியில் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு நாலைந்து எஞ்சினியர்கள், அவ்வளவுதான், மற்றபடி மூன்று பெட்டி நிறைய மணல் மூட்டை. தொள்ளாயிரம் பேர் ஏறினால் எவ்வளவு கனமோ அவ்வளவு கனத்துக்கு மணல். ஒரு ஆளுக்கு அறுபத்தைந்து கிலோ என்று கணக்கு, அறுபத்தைந்தை ஒரே மூட்டையாகக் கட்டினால் தூக்குகிறவள் இடுப்பு என்னத்துக்கு ஆகும், அதனால் ஒரு ஆளை ரெண்டாகப் பிரித்து முப்பத்திரண்டரை, முப்பத்திரண்டரை. அரை ஆள், அரை ஆள். ஆயிரத்து எண்ணூறு அரை ஆட்களைக் கட்டினது எங்கள் மகளிர் குழுதான், இருபத்திரண்டு பேர், எஸ்தர் அக்காதான் தலைவி. ஒவ்வொரு மூட்டை எழும்போதும், "இது மேல்பாதியா கீழ்பாதியாடி" என்று கேட்பார்கள், "வாயில்லியேக்கா, கீழ்பாதிதான்" என்பேன், "அப்ப உன் புருசன் மாதிரி நல்ல மூட்ட" என்பார்கள், அந்தத் தகரக் கொட்டகையே குலுங்கும். முதல் நாள் ஒருத்திக்கும் மூட்டை கட்ட வரவில்லை. நைலான் கயிற்றைக் கொடுத்து வாயைச் சுருக்கிக் கட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்கள், கட்டினால் பூசணிக்காய் மாதிரி உருண்டையாக உட்கார்ந்துகொள்கிறது, பிடிக்க ஒரு இடமில்லை, ரெண்டு பேர் அணைத்துத் தூக்கினால் நழுவிக் காலில் விழுகிறது. நான் கோணூசி வாங்கி வரச் சொன்னேன். எங்கள் ஊர்ப்பக்கம், வந்தவாசிக்குத் தெற்கே, நெல் மூட்டைக்கு வாயின் ரெண்டு மூலையிலும் ஒரு பிடி தள்ளி முறுக்கி ஆளுக்கொரு காது வைப்போம், நடுவே கோணூசியால் தையல், காதைப் பிடித்தால் ரெண்டு பேருக்கும் கை நிற்கும். ஒரு மூட்டை தைத்துக் காட்டினேன். மறுநாளிலிருந்து இருபத்திரண்டு பேரும் காது வைத்தார்கள். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "யாரு சொல்லிக் குடுத்தது" என்றார், யாரும் என் பெயரைச் சொல்லவில்லை, எஸ்தர் அக்கா மட்டும், "எங்களுக்கே தெரியும், நாங்க இன்னா காலேஜா போவணும்" என்றார்கள், சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்கள். பத்தாவது வரைக்கும் படித்தவள் நான், ஏரிக்கரையில் இருந்த கவர்மென்ட் பள்ளிக்கூடம், கணக்கில் எழுபத்தெட்டு, அந்த எழுபத்தெட்டை இங்கே கல்யாணமாகி வந்த நாலரை வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை, கேட்காவிட்டால் என்ன, எடை எந்திரத்துக்கு முன்னால் என்னைத்தான் நிற்க வைத்தார்கள்.

நாலரை வருஷம். நான் தாலி கட்டிக்கொண்டு வந்து இறங்கின வாரம்தான் ரயில் வேலைக்கு மறைப்பாக நீலத் தகரத்தை ரோட்டின் நடுவில் நட்டார்கள். மூன்று மாசத்தில் எடுத்துவிடுவார்கள் என்று இவர் சொன்னார். இவருக்கு மெயின் ரோட்டிலேயே பஞ்சர் கடை, தணிகாசலம் பஞ்சர் கடை என்றால் கூட்டுரோடு முழுக்கத் தெரியும், தகரம் வந்து கடை வாசலில் ரெண்டு அடிதான் மிச்சம் விட்டது, ரெண்டு அடியில் சைக்கிள் வரும், லாரி எங்கே வரும். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறே ஒருத்தர் டயர் கடைக்குப் போய் நின்றார், சொந்தக் கடைக்காரர் இன்னொரு கடையில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவர் சொன்னதில்லை, சாப்பிடும்போது தட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார், அதிலேயே தெரிந்துவிடும். துணி காயப்போட்டால் சாம்பல் நிறத்தில் காயும். பஸ் ஸ்டாப்பை ஒரு கிலோமீட்டர் தள்ளி வைத்தார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மழையில் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு வரும். சாலையோரம் பதினோரு தூங்குமூஞ்சி மரம் இருந்ததாம், நான் வந்தபோது ஆறு, அப்புறம் ஒன்றுமில்லை. எல்லாரும் திட்டினோம், நானும்தான் திட்டினேன், மாமியார் தினம் காலையில் வாசல் தெளிக்கும்போது ரயிலுக்கும் சேர்த்து ரெண்டு வார்த்தை தெளிப்பார்கள். ஆனால் பாப்பு வயிற்றில் இருந்தபோது, வலி எடுத்த அன்றைக்கு, ஆட்டோ தகரத்துக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது, முன்னால் குப்பை லாரி, பின்னால் தண்ணி லாரி, ஆஸ்பத்திரிக்குச் சுற்றிக்கொண்டு போனால் முக்கால் மணி நேரம். இவர் ஆட்டோவிலிருந்து குதித்துத் தகரத்தைப் படபடவென்று தட்டினார், "கொழந்த, கொழந்த" என்று அதை மட்டும் கத்தினார், உள்ளே வேலை செய்கிறவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ரெண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், பார்த்த மாத்திரத்தில் ஸ்பானரை எடுத்து ரெண்டு தகரத்தையும் கழற்றிவிட்டார்கள். கம்பிக் கட்டுக்கும் ஜல்லிக் குவியலுக்கும் நடுவே ஆட்டோ ஊர்ந்து அந்தப் பக்கம் போனது. அப்போது இந்த நூற்றுப் பதினாறு வெறும் கம்பிதான், கூடை பின்னி நிறுத்தி வைத்தது போல, நான் வலியில் அண்ணாந்து பார்த்தபோது அதன் நடுவே வானம் தெரிந்தது. ஹெல்மெட்காரர்களில் ஒருத்தர் ஆட்டோவுக்கு முன்னால் ஓடிக்கொண்டே கையை ஆட்டி ஆட்டி வழிவிடச் சொன்னார், அந்த மனிதர் முகம் ஞாபகம் இல்லை, கை மட்டும் ஞாபகம் இருக்கிறது, முழங்கை வரைக்கும் சிமென்ட். பாப்பு பிறந்து இருபது நாள் கழித்துத் தூணுக்குக் காங்கிரீட் போட்டார்கள். இவள் குப்புற விழுந்தபோது தூணுக்குத் தலை வந்தது. இவள் நடந்தபோது மேலே தண்டவாளம் வந்தது. ரெண்டும் ஒன்றாய் வளர்ந்தது என்று நான் சொன்னால் மாமியார், "ஆமா, அதுக்கும் காதுகுத்து வை" என்பார்கள். இப்போது பஸ் நடத்துனரிடம் யாரும் ஊர்ப் பெயரைக் கேட்பதில்லை, நூற்றுப் பதினாறில் இறக்கிவிடுங்கள் என்கிறார்கள், கல்யாணப் பத்திரிகையில்கூட எழுதுகிறார்கள், ரெண்டு மாசம் முன்னால் தகரத்தை எடுத்ததும் இவர் சொந்தக் கடையைத் திறந்து புதுப் போர்டு மாட்டினார், என் பெயரோ அவர் பெயரோ இல்லை, தூண் 116 பஞ்சர் கடை.

இந்த வீடு போய்விட்டால் கடை மட்டும் இருந்து என்ன. அதை நினைக்கக் கூடாது என்று வேறே எதையோ நினைத்தால் அது சுற்றிக்கொண்டு அங்கேயே வருகிறது, செக்குமாடு மாதிரி. விரிசல் முன்னைவிடப் பெரிசாக இருக்கிறதா. இல்லை, அது வெயில் சாய்ந்து விழுகிற நிழல். ஃபேனை நிறுத்தினேன், ஓடினால் அதுவும் ஒரு அதிர்வுதானே என்று, அப்புறம் பாப்புவுக்கு வேர்க்கும் என்று மறுபடி போட்டேன். நான்தான், இதைத்தான் நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன், நான்தான் அந்த ரயிலில் ஐந்து டன்னை ஏற்றினவள். வேறே யாரும் இல்லை. மூட்டை எல்லாம் கட்டி அடுக்கின பிறகு ஏதோ கையெழுத்து வரவில்லை என்று சோதனையை மூன்று வாரம் தள்ளிப் போட்டார்கள், அக்னி நட்சத்திரம், டிப்போ களத்தில் ஆயிரத்து எண்ணூறு மூட்டையும் வெயிலில் உட்கார்ந்திருந்தன. மூன்று வாரம் கழித்துப் பெட்டியில் ஏற்ற எங்களைக் கூப்பிட்டார்கள். முதல் மூட்டையின் காதை ஒரு பக்கம் நான் பிடித்தேன், ஒரு பக்கம் எஸ்தர் அக்கா, தூக்கி இடுப்புக்குக் கொண்டுவந்தோம், எனக்குச் சுருக்கென்றது. இடுப்புக்குத் தெரியும். தினம் பிள்ளையைத் தூக்கித் தூக்கி இந்த இடுப்பு ஒரு தராசாகவே ஆகிவிட்டது, அங்கன்வாடியில் நிறுத்துச் சொல்வதற்கு முன்னாலேயே நான் சொல்வேன் இந்த மாசம் நானூறு கிராம் ஏறியிருக்கிறது என்று, சரியாக இருக்கும். "அக்கா, இது முப்பத்திரண்டரை இல்ல" என்றேன். "வெயில்ல உனுக்கு மண்ட காஞ்சிட்டுகீது, தூக்கு" என்றார்கள். எந்திரத்தில் வைத்தேன். இருபத்தொன்பதரை. இன்னொன்று வைத்தேன், இருபத்தொன்பதே முக்கால். பத்து மூட்டை வைத்தேன், எல்லாம் மூன்று கிலோ குறைந்து நின்றது. யாரும் திருடவில்லை, ஓட்டை இல்லை, தையல் தையலாகவே இருந்தது. கல்லை உடைத்துச் செய்கிற மணலைக் கழுவித்தான் லாரியில் ஏற்றுவார்கள், வந்து இறங்கும்போது தண்ணீர் சொட்டும், அந்த ஈரத்தோடு அள்ளி, அந்த ஈரத்தோடு நிறுத்து, அந்த ஈரத்தையும் ஆள் கணக்கில் எழுதியிருக்கிறோம். ஈரம் காற்றில் போய்விட்டது. எங்கள் அப்பா கொள்முதல் நிலையத்துக்கு நெல்லைக் கொண்டுபோனால் முதலில் ஈரம் பார்க்கிற எந்திரத்தில் ஒரு கை நெல்லைப் போடுவார்கள், பதினேழுக்கு மேலே காட்டினால் திருப்பிவிடுவார்கள், அப்பா தார் ரோட்டில் கொட்டிக் காயவைத்து மறுபடி கொண்டுபோவார், நாற்பது மூட்டை முப்பத்தேழாக நிற்கும், நான் சின்னப் பிள்ளை, மூன்று மூட்டையை யார் எடுத்தது என்று கேட்பேன், "சூரியன் எடுத்துக்கிச்சு" என்பார். அந்தச் சூரியன்தான் இங்கேயும் எடுத்திருக்கிறது. போனில் பெருக்கிப் பார்த்தேன், ஆயிரத்து எண்ணூறை மூன்றால், ஐந்தாயிரத்து நானூறு கிலோ, அதை அறுபத்தைந்தால் வகுத்தேன், எண்பத்து மூன்று. எண்பத்து மூன்று பேர் ஏறாமலே ரயில் நிறைந்துவிட்டது என்று எழுதிவிடப் போகிறார்கள்.

எஸ்தர் அக்கா என் கையைப் பிடித்துத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். "பைத்தியக்காரி, உன் வூட்டுச் சொவத்துல கண்ணாடி ஒட்டிகினு இருக்குதே, மறந்துட்டியா. ரயிலு லேசா போனா அது தப்பிச்சிக்கும். நீயே போயி கனத்தச் சொல்லி உன் தலையில ஏத்திக்குவியா." மறக்கவில்லை. அவர்கள் சொல்வதற்கு முன்னாலேயே எனக்கும் அது தோன்றியிருந்தது, எண்பத்து மூன்று என்று போன் காட்டின அந்த நொடியிலேயே தோன்றியது, நல்லதாய்ப் போச்சு என்றுகூடத் தோன்றியது, அதை எதற்கு மறைக்க வேண்டும். அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் இதே இடத்தில் நின்று கண்ணாடியைப் பார்த்தேன், பாப்பு கீழே உட்கார்ந்து ஒரு கரண்டியை வைத்துத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள், தட்டட்டும், அதற்கெல்லாம் உடையாது. லேசான ரயிலுக்கு இந்தக் கண்ணாடி உடையாது. சார் வந்து பார்த்து, வீடு நல்லா இருக்கு என்று எழுதிவிட்டுப் போவார். அப்புறம் ஒரு நாள் நிஜ ரயில் வரும், ஆள் மட்டுமா வரும், டிபன் பாக்ஸோடு வரும், ஹெல்மெட்டோடு வரும், ஆடி மாசத் தள்ளுபடிப் பையோடு வரும், மணல் மூட்டை பையைத் தூக்கிக்கொண்டா வருகிறது, அந்த ரயில் ஒரு நாளைக்கு இருநூறு தடவை போகும், அப்போது இந்தச் சுவரில் பார்க்கக் கண்ணாடி இருக்காது, இவள் மட்டும் தூளியில் இருப்பாள். உடையாத கண்ணாடி பொய் சொல்லுகிற வீட்டில் நான் எப்படித் தூங்குவேன். இவரிடம் சொன்னேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "உடைஞ்சிட்டா?" என்றார். "உடைஞ்சா அன்னிக்கே தெரிஞ்சிரும்ல" என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "டயரும் அப்டிதான், காத்து கம்மியா வெச்சு ஓட்டி பாத்துட்டு ஒண்ணுமில்லன்னா நம்பக் கூடாது" என்றார், அவ்வளவுதான் சொன்னார், சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். மறுநாள் காலையில் நேரே கிங்ஸ்லி சார் முன்னால் போய் நின்றேன். அவருக்கு நாகர்கோவில் பக்கம், சிரித்துக்கொண்டேதான் பேசுவார், "என்னம்மா சொல்லுதிய, மணலுக்கு வேர்த்துப் போச்சா" என்று சிரித்தார். "வேர்த்ததில்ல சார், காஞ்சது" என்றேன், நெல்லைச் சொன்னேன், பதினேழைச் சொன்னேன், எண்பத்து மூன்றைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. அவரே இருபது மூட்டையை எந்திரத்தில் வைத்தார், சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்த்தார். கடைசியில் தலையில் கைவைத்துக்கொண்டு அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். "இத்தன பேரு படிச்சிட்டு வந்திருக்கோம், பேப்பர்ல எழுதுன எடையத்தான் பாத்தோமே தவிர ஒருத்தனும் மூட்டையத் தூக்கிப் பாக்கல கேட்டியளா" என்றார். அப்புறம் சோதனை இன்னும் ஐந்து நாள் தள்ளிப் போனது, ஆயிரத்து எண்ணூறு மூட்டையும் ஒரு பக்கத் தையலைப் பிரித்து, காய்ந்த மணல் மூன்று மூன்று கிலோ போட்டு, நிறுத்து, மறுபடி தைத்து, மறுபடி காது. நாலு நாள் வெயில். குழுவில் ஒருத்தியும் என்னோடு பேசவில்லை, என் காதில் விழுகிற மாதிரி, "சில பேருக்கு வாயி சும்மா இருந்தா துரு புடிச்சிரும்" என்று பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் எஸ்தர் அக்கா ஒரு மூட்டையை எந்திரத்தில் வைக்காமலே இடுப்பில் வைத்துப் பார்த்து, "முப்பத்திரண்டு" என்றார்கள், வைத்தால் முப்பத்திரண்டேகால். "எனுக்கும் வந்துட்ச்சுடி" என்று சிரித்தார்கள், அதோடு எல்லாருக்கும் வாய் திறந்துவிட்டது, அப்புறம் பந்தயம்தான், இடுப்பு சொல்வது சரியா எந்திரம் சொல்வது சரியா என்று.

கீழேயிருந்து இவர் குரல். "அமுலு, இன்னா இன்னும் மேலயே நிக்கிற, பாப்பாவத் தூக்கினு கீழ வந்துரு." எட்டிப் பார்த்தால் தெரு முழுக்க ஆள், எல்லாரும் அண்ணாந்து, கையில் போனைப் பிடித்துக்கொண்டு. "கண்ணாடிய யாரு பாக்குறது" என்றேன். "அது ஓடியா போவப் போவுது, அப்புறம் வந்து பாரு" என்றார். மாமியார் நடுவே புகுந்து, "அவ இன்னா கேக்குற ஆளா, வயக்காட்டுல வளந்தவ" என்றார்கள், சத்தத்தில் கோபம் இல்லை, பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு என்னை அறிமுகப்படுத்தி வைக்கிற மாதிரி இருந்தது. வீடு விழாது என்று சார் தெளிவாகச் சொல்லிவிட்டார், விரிசல் வளருமா வளராதா, அது ஒன்றுதான் கேள்வி, வளர்ந்தால் ஆறு மாசம் ஒரு வருஷத்தில் காலி பண்ணுவது. இன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாதுதான். ஆனாலும் போன் அடித்து, "கெளம்பிட்ச்சுடி" என்று எஸ்தர் அக்கா குரல் வந்ததும் என் கை தானாகத் தூளிக்குப் போய்விட்டது, பாப்புவை வாரி இடுப்பில் போட்டுக்கொண்டு படிக்கட்டு வாசலில் ஒரு காலை வெளியே வைத்து நின்றேன், இங்கேயிருந்து ஜன்னலும் தெரியும், கண்ணாடியும் தெரியும். பத்து கிலோ இருநூறு. தூங்குகிற பிள்ளைக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதல் கனம். தலை என் தோளில் சரிந்தது, கன்னத்து மை என் ரவிக்கையில் ஒட்டியிருக்கும். காலித் தூளி லேசாக ஆடிக்கொண்டிருந்தது, அது நான் எடுத்ததால் ஆடுகிறது, ரயிலால் இல்லை. இன்னும் ரயில் வரவில்லை. டிப்போவிலிருந்து இங்கே வர நாலு நிமிஷம். உடைந்தால் என்ன சொல்வார்கள் எல்லாரும். எஸ்தர் அக்கா ஒன்றும் சொல்லமாட்டார்கள், அதுதான் பயமாக இருக்கிறது. மற்ற ஆறு வீட்டுக்காரர்களுக்கு இது தெரியவே தெரியாது, ஐந்து டன் ஏற்றினவள் இந்த மாடியில் நிற்கிறாள் என்று, தெரிந்தால் திட்டுவார்களா, திட்டினால் திட்டட்டும், அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் தூங்குகின்றன. முதலில் தண்டவாளத்தில் ஒரு சீழ்க்கை மாதிரி, கொசு காதுக்குப் பக்கத்தில் வருவது போல. அப்புறம் தரை. என் வெறுங்காலுக்குத்தான் முதலில் தெரிந்தது, உள்ளங்காலில் சின்னதாக ஒரு கூச்சம். ஜன்னல் கொக்கி கிணுகிணுத்தது. செல்ஃபில் எவர்சில்வர் டம்ளர் ஒன்று பக்கத்து டம்ளரோடு பேச ஆரம்பித்தது. நான் கண்ணாடியைத்தான் பார்க்க வேண்டும், அதற்குத்தான் நிற்கிறேன், பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், ரயில் மூக்கு ஜன்னல் ஓரத்தில் தெரிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பார்க்கவில்லை. என்ன செய்வது, ரயில் வந்துவிட்டது. வெயிலில் ஒரு வெள்ளி மினுக்கு, ஜன்னல், ஜன்னல், ஜன்னல், உள்ளே சீட்டு நிறைய, நடைபாதை நிறைய, ஒன்றின் மேல் ஒன்றாக, ஒவ்வொரு மூட்டைக்கும் ரெண்டு காது, ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டிக்கொண்டு டூர் போகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசை வரிசையாக உட்கார்ந்துகொண்டு போகின்றன, ஆயிரத்து எண்ணூறும் எங்கள் கை, ஒன்றுகூடச் சாயவில்லை, ஒன்றுகூடச் சரியவில்லை. எண்பதில் போகிற ரயில் எவ்வளவு நேரம் தெரியும், மூன்று மூச்சு, அதற்குள் என் கை மேலே போய்விட்டது, பார்த்தால் நான் டாட்டா காட்டிக்கொண்டிருக்கிறேன், மணல் மூட்டைக்கு, தெருவிலும் எல்லாரும் காட்டினார்கள், ஆளே இல்லாத ரயிலுக்கு விசில் அடித்தார்கள், மாமியார்கூடக் கையைத் தூக்கினார்கள், நான் பார்த்தேன். கடைசிப் பெட்டி போய்விட்டது. டம்ளர்கள் கொஞ்ச நேரம் பேசிவிட்டு நிறுத்தின. பாப்பு ரயிலுக்கு எழுந்திருக்கவில்லை, விசிலுக்குத்தான் கண்ணை விழித்து உதட்டைப் பிதுக்கினாள். அப்போதுதான் நினைவு வந்தது, ஐயோ கண்ணாடி.

திரும்பிப் பார்க்க ஒரு நொடி மனசு வரவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன், நூற்றுப் பதினாறு நின்ற இடத்தில் நின்றது. அப்புறம் போனேன், கிட்டே போனேன், மூக்கு படுகிற அளவுக்கு. மேல் முனை பசை, கீழ் முனை பசை, நடுவே கண்ணாடி, அதற்குப் பின்னால் விரிசல், அதன் பாட்டுக்கு இருந்தது. குறுக்கே கோடு இல்லை. நகத்தால் தடவினேன், எங்கேயும் மாட்டவில்லை. மூச்சு விட்டேன், கண்ணாடியில் ஆவி படிந்து ஒரே வெள்ளையாக, விட்டுப் போகாத ஒரே துண்டாக, மெல்ல மெல்லத் தெளிந்தது. போன் அடித்தது, கிங்ஸ்லி சார், பின்னால் டிப்போவில் ஒரே கூச்சல். "என்னம்மா ஆச்சு, சத்தத்தையே காணோம்" என்றார். "இருக்கு சார்" என்றேன். "நல்லா பாத்தியளா." "மூக்க வெச்சு பாத்தேன் சார். முழு எடைக்கு நிக்குது." அந்தப் பக்கம் யாரிடமோ, "நூத்திப் பதினாறு ஓகே, முழு எடை" என்று அதே வார்த்தையைத் திருப்பிச் சொன்னார், யாரோ அதை எழுதியிருப்பார்கள். இவர் படியில் ரெண்டு ரெண்டாக ஏறி வருகிற சத்தம் கேட்டது. பாப்பு கண்ணாடியைப் பிடிக்கக் கையை நீட்டினாள், பளபளப்பாக எதைக் கண்டாலும் இவளுக்கு வேண்டும், கையைப் பிடித்துக்கொண்டேன். இவள் கன்னத்தில் மிச்சமிருந்த திருஷ்டி மையை ஒரு விரலால் தொட்டு எடுத்துக் கண்ணாடியின் மூலையில் வைத்தேன், சின்னதாக, தேதி மேல் படாமல். சார் வந்து பார்த்து, இது என்ன கறை என்று கேட்பார். கேட்கட்டும், சொல்கிறேன்.